அமுங்கும் பெடலுக்குப் பழகாதீர்கள்!

உங்கள் காரின் பிரேக் பெடல் முன்பு போல் இல்லை. உங்கள் வலது காலுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. மிதித்ததும் கெட்டியாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பஞ்சை மிதித்தது போல மெத்தென்று உள்ளே போகிறது. இரண்டாம் முறை மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது, வண்டியும் நின்றுவிடுகிறது. அப்புறம் என்ன செய்தீர்கள்? முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட ஆரம்பித்தீர்கள். சிக்னல் கண்ணில் பட்டதுமே மிதிக்கக் கற்றுக்கொண்டீர்கள். வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுக்கும்போது, "பிரேக்கை ரெண்டு தடவை மிதி, அப்பத்தான் பிடிக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்கள்.

நான் எழுத வந்தது அந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான். பலரும் அதை ஓட்டுகிறவரின் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்கும் என்று உங்களுக்கு யார் உறுதி கொடுத்தது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. முதல் மிதி வீணாகி, காலை எடுத்து மறுபடி மிதிப்பதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பந்தின் பின்னால் ஓடி வந்துவிடும். குறையோடு ஒத்துப்போகப் பழகியவர் அந்தக் குறையைத் தன் குடும்பத்துக்கும் தெருவுக்கும் சேர்த்தே பழக்கிவிடுகிறார்.

ஏன் பழகினோம்? சோம்பல் என்று சொல்ல மாட்டேன். மாதத் தவணை தவறாமல் கட்டுகிறவர், டயரில் காற்றுப் பார்க்கிறவர், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து எலுமிச்சை நசுக்குகிறவர் சோம்பேறி ஆக மாட்டார். அவரைக் கட்டிப் போடுவது வேறொன்று: "நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" பானெட்டைத் திறந்தால் பயம். ஒர்க்‌ஷாப்பில் பேசத் தயக்கம். ஏதாவது கேட்டால் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். பெண்கள் என்றால் இந்தத் தயக்கத்தைப் பிறரே ஊட்டிவிடுகிறார்கள். வண்டி ஓட்டுவது அவர், வண்டியைப் பற்றிப் பேசுவது மட்டும் அண்ணனோ கணவரோ என்று. அம்மா, அந்தப் பெடலில் தினமும் கால் வைப்பது நீங்கள். அது எப்படி இருக்கிறது என்று சொல்லத் தகுதியான முதல் சாட்சி நீங்கள்தான். சாட்சியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு வழக்கு நடத்த முடியாது.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை இங்கே நினைக்கிறேன். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, எது எதற்காக இருக்கிறது என்று பார்த்து, மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவருக்கு முதலில் வந்தது பட்டமும் அல்ல, பயிற்சியும் அல்ல, "திறந்து பார்த்தால் என்ன?" என்கிற ஒரு கேள்வி. உங்கள் காரை நட்டு நட்டாகப் பிரிக்கச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கடன் வாங்குங்கள்.

பிரேக்கில் மர்மம் எதுவும் இல்லை. மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பிளேஸ் பாஸ்கல் விளக்கிவிட்டார். நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் பூட்டிய டியூசன்பெர்க் கார் 1921இல் விற்பனைக்கு வந்தது. நூறு வருஷம் தாண்டிய பழைய சங்கதி இது. பெடலை மிதிக்கிறீர்கள், மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்கிறது, பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தத்தைக் கொண்டு போகிறது, முன்சக்கரத்தில் காலிப்பர் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது, பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது. முழுக்கதையும் இவ்வளவுதான்.

அப்படியானால் பெடல் ஏன் மெத்தென்று போகிறது? மருந்துக் கடையில் ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச் வாங்கி வாருங்கள். தண்ணீரை நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, வாயை விரலால் அடைத்து அழுத்துங்கள். அசையாது. இப்போது கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, அதேபோல அடைத்து அழுத்துங்கள். அமுங்கும், விட்டால் திரும்பி வரும். உங்கள் பெடலில் நடப்பது உங்கள் கைக்கே விளங்கிவிடும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். மெத்தென்ற பிரேக்குக்குப் பெரும்பாலான நேரம் இதுதான் காரணம்.

எவ்வளவு காற்று போதும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம், பயப்பட வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். காலிப்பர் பிஸ்டன் 50 மி.மீ. என்றால் பரப்பு கிட்டத்தட்ட 20. அங்கேயே விசை ஆறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பெடலின் நெம்புகோல் ஒரு நான்கு மடங்கு தருகிறது என்றால், நீங்கள் காலால் கொடுக்கும் 10 கிலோ, மிதிக்கு வலுக் கூட்டும் பூஸ்டரைச் சேர்க்காமலே, அந்தக் காலிப்பரில் 250 கிலோவாக வந்து நிற்கிறது. கொடுத்ததை இருபத்தைந்து மடங்காக்கித் தரும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று புகுந்தால்? அழுத்தம் ஏறியதும் அந்தக் காற்று சுருங்கி ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப பிஸ்டன் 3 மி.மீ.க்கு மேல் வெறுமனே நகர வேண்டும். பெடலில் அது ஒன்றேகால் சென்டிமீட்டர். ஒரு மில்லிக்கு இவ்வளவு! பெருவிரல் நகத்தில் அடங்கிவிடும் அளவு காற்று உங்கள் நம்பிக்கையைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைத் துரத்த உங்களால் முடியும்.

துரத்துவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். பொறுமையாகப் பார்க்காமல் நேரே பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள். "மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்று யாரோ ஒருவர் எட்ட நின்றே சொல்ல, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிது மாட்டி, அப்போதும் பெடல் மெத்தென்றே இருப்பதைப் பார்த்து, "இந்த வண்டி ராசியே இல்லை" என்று விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ராசி என்ன பாவம் செய்தது? பின்சக்கரத்தில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்ட வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர் மாற்றினால் எப்படிச் சரியாகும்? ஒரு உறுப்பு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், "எப்படித் தெரிந்தது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். எரிந்து விழுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

முதலில் எதையும் கழற்றாமல் பாருங்கள். பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம் பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதில் மேல்கோடு, கீழ்கோடு. ஆயில் கீழ்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அதற்கு இரண்டே காரணங்கள். பேட் தேய்ந்திருக்கிறது, காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்த அளவுக்கு ஆயில் அங்கே போயிருக்கிறது. இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. காரணம் தெரியாமல் ஊற்றி நிரப்புவது நோயை மூடி வைப்பது. அடுத்து நிறம். புது ஆயில் தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். உங்களுடையது கருத்த கஷாயம் போல இருந்தால் அதன் வயது போய்விட்டது. பிறகு நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்சுவரில், டிரம்மின் அடியில், ஹோஸ் முனைகளில் ஈரமா? மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். வெளியே எங்கும் சொட்டாமல் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போனால், அது பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒழுகல் ஒன்று கண்ணில் பட்டால் அந்த வண்டியை அந்த இடத்திலிருந்து ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், இல்லையேல் வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள். "பக்கத்துல தானே, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்பதைத் தைரியம் என்று எவரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒழுகல் இல்லையா? இனி பெடலையே விசாரிப்போம். எஞ்சினை அணைத்துவிட்டு நான்கைந்து தடவை மிதித்து விடுங்கள். பூஸ்டரில் தங்கியிருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும். இப்போது பெடல் கெட்டியாகும். ஒரே சீராக அழுத்திப் பிடித்தபடி மெதுவாக முப்பது வரை எண்ணுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அழுத்தம் எங்கோ தப்பிக்கிறது. வெளியே ஈரம் இல்லை, பூஸ்டர் பக்கமும் உலர்ந்திருக்கிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீலைத் தாண்டி ஆயில் பின்னால் வழிகிறது. "மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்ற தீர்ப்புக்கு ஆதாரம் இங்கேதான் கிடைக்கிறது. பெடல் இறங்கவில்லையா? அப்படியானால் அந்தச் செலவை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

அடுத்தது, மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் சந்தேகத்துக்குரியவர்கள் இருவர்: காற்று, அல்லது பின் ஷூவின் இடைவெளி. இருவரையும் பிரித்தறியக் காலுக்குத் தெரியும். கீழே போய், ஆனால் போன இடத்தில் கல்லாக நின்றால் இடைவெளி. போகிற வழி முழுக்க ஸ்பிரிங் போலத் துள்ளினால் காற்று. இன்னும் உறுதி வேண்டுமா? வண்டி சமதரையில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் மட்டும் இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். சட்டென்று உயரத்திலேயே பிடித்தால், பின் டிரம்மில்தான் வேலை. ஷூவைத் தள்ளி வைக்கும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். பல நேரங்களில் கழற்றித் துடைத்து, அட்ஜஸ்ட் செய்தாலே பெடல் பழைய உயரத்துக்கு வந்துவிடும். எத்தனை ஆயிரம் ரூபாய் இந்த ஒரு சோதனையில் மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள்!

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெடல் கல் போல இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கத் தயங்குகிறது என்றால் அது வேறு நோய். பூஸ்டரோ, அதற்கு வரும் வெற்றிடக் குழாயோ, சூடேறிப் போன பேடோ அதற்குப் பொறுப்பு. பெடலை மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. அந்தச் சிறு இறக்கம் இயல்பானது. அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

இந்தக் கேள்விகள் எல்லாம் கேட்டும் பதில் வரவில்லையென்றால் ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வயதான ஹோஸ் அழுத்தம் வந்ததும் புடைக்கும், கண்ணுக்கே தெரியும். பாளம் பாளமாக வெடித்திருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றுங்கள். ஹோஸ் நன்றாக இருக்கிறது என்றால், அதற்கென்றே விற்கும் வட்ட முனை கிளாம்ப்பால் எல்லா ஹோஸையும் மெதுவாக அடைத்துவிட்டு மிதித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கட்டிங் பிளேயரையோ வைஸ் கிரிப்பையோ கொண்டு நசுக்காதீர்கள், ஹோஸ் உள்ளே கிழிந்துவிடும். எல்லாம் அடைத்த நிலையில் பெடல் உச்சத்திலேயே கல்லாக நின்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுங்கள். எதை எடுத்ததும் பெடல் மெத்தென்று ஆகிறதோ, குற்றவாளி அந்தச் சக்கரத்தில் இருக்கிறான். வழுக்கி நகர வேண்டிய ஊசி (ஸ்லைடு பின்) இறுகிச் சாய்ந்த காலிப்பராக இருக்கலாம். ஒரு பக்கமாகத் தேய்ந்த பேடாக இருக்கலாம். ஆடுகிற வீல் பேரிங் டிஸ்க்கை அசைத்துப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அங்கேயே காற்றும் தங்கியிருக்கலாம். நான்கு சக்கரச் சந்தேகம் ஒரு சக்கரமாகச் சுருங்கிவிட்டது பாருங்கள். கையைப் பிசைந்துகொண்டு நிற்பவருக்கும் கேள்வி கேட்பவருக்கும் உள்ள தூரம் இதுதான்.

கருத்த ஆயிலுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் உயிர் போகும் இடம் இதுதான். சாதாரணமாக நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டவை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடற்காற்றில் நிற்கும் கார் ஈரத்துக்கு எங்கே போகும் என்று கேட்கவே வேண்டாம். ஊருக்குள் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. கோடை விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவீர்கள்.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்றால், வழியில் அது இழக்க வேண்டிய ஆற்றல், அறைச் சூட்டில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளிலும், பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் டிரம்மிலும் போய்ச் சேரும். அங்கிருந்து ஆயிலுக்கு ஏறும். ஈரமான ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். காலையில் கெட்டியாக இருந்த பெடல் நாற்பதாவது வளைவில் தரை வரை போகும். இதை விதி என்று சொல்லாதீர்கள்! இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றியிருந்தால், ஏறிய கியரிலேயே இறங்கியிருந்தால், இது நடந்திருக்காது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களிடம் கேட்கிறேன்: சில ரூபாய் பெட்ரோலுக்காக எஞ்சின் என்ற இலவச பிரேக்கை ஏன் கழற்றி எறிகிறீர்கள்?

ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே மனத்தில் போட்டு வையுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். பெடலை வேகமாக, திரும்பத் திரும்ப மிதியுங்கள். ஓரளவு அழுத்தம் சேரும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின்சக்கரம் இறுகி வண்டி சுழன்றுவிடும். ஹாரனை விடாதீர்கள். தெரிந்து வைத்திருப்பவனுக்குப் பதற்றம் ஒரு விநாடி, தெரியாதவனுக்கு அதுவே கடைசிவரை.

இனி ஏர் எடுக்கும் வேலை, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றைத் துரத்துவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமதரை, உங்களோடு இன்னொருவர் போதும். அது உங்கள் மகளாக இருக்கட்டும். பாடப் புத்தகம் தராத தெளிவு அவளுக்கு அன்று கிடைக்கும். தேவையானவை: உங்கள் காரின் கையேடு சொல்லும் வகை ஆயில், சீல் உடைக்காத புது டப்பா, ஒவ்வொரு சக்கரத்துப் பிரேக்கிலும் காற்றை வெளியே விட இருக்கும் நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக ஏறும் ஊடுருவித் தெரியும் டியூப், ஒரு பழைய பாட்டில். எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும். என்றோ திறந்து அலமாரியில் வைத்த மிச்ச ஆயிலை ஊற்றாதீர்கள், அது ஈரம் குடித்திருக்கும். எஞ்சின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போய் முழு அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் பெயிண்டை அரிக்கும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட வண்டிக்கு அடியில் நீட்டாதீர்கள்.

வழக்கமாக, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் ஊர் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில கார்களில் குழாய் குறுக்காகப் போகும்; அதற்குக் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். நிப்பிளைத் துடைத்து, ஸ்பேனரை மாட்டி, டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கும்படி விடுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடித்தபடி "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுக்கட்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். குமிழியோடு ஆயில் வரும். பெடல் இறங்கியதும், அவர் காலை எடுக்கும் முன், நிப்பிளை மூடுங்கள். மூடிவிட்டு, "விடு" என்று சொல்லுங்கள். இந்த வரிசைதான் உயிர். மூடும் முன் காலை எடுத்தால் வெளிக்காற்றை அது உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுவரை செய்தது பாழ். பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். என்றுமே போகாத ஆழத்துக்குப் பிஸ்டன் போனால் அங்கே படிந்திருக்கும் துரு சீலைக் கிழித்துவிடும்.

குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை தொடருங்கள். நாலைந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள். அது வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று புகுந்து, வேலை முதலிலிருந்து ஆரம்பமாகும். இவ்வளவு செய்தும் ஒரு சக்கரம் மட்டும் முரண்டு பிடித்தால் அங்கே நிப்பிள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். காலிப்பரின் உச்சியில்தான் அது இருக்க வேண்டும், காற்று மேலேதான் சேரும். யாரோ எப்போதோ இடது வலது காலிப்பரை மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் அடியில் போயிருக்கும்; பத்து லிட்டர் ஆயில் விட்டாலும் அந்தக் காற்று வெளியேறாது. பெரிய ஒர்க்‌ஷாப்கள்கூடத் தவறவிடும் இந்த விஷயத்தை, நின்று நிதானித்துப் பார்க்கும் ஒரு சாதாரண மனிதரின் கண் பிடித்துவிடும். உங்கள் கண்ணை ஏன் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்?

முடித்ததும் எல்லா நிப்பிளையும் இறுக்கி, துடைத்து, ஆயிலை மேல்கோடு வரை நிரப்பி, மூடியைப் போடுங்கள். நட்டுகளை இறுக்கிச் சக்கரத்தைச் சரிபாருங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் மிதியுங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் பலமாகப் பிடித்திருங்கள், முதலில் வரும் அந்தச் சிறு இறக்கத்துக்குப் பிறகு மேலும் இறங்கக் கூடாது. இறங்கி வந்து நான்கு நிப்பிள்களையும் மறுபடி தொட்டுப் பாருங்கள், உலர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகே ஆளில்லாத சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பார்ப்பது. அங்கே நம்பிக்கை வந்தால்தான் அடுத்த வேகம். சோதனையில் தேறாத பெடலை வைத்துக்கொண்டு "சரியாயிடும்" என்று மனத்தைத் தேற்றாதீர்கள். தன்னம்பிக்கைக்கு இப்படி ஒரு கண்டிப்பு இருந்தாக வேண்டும்.

எல்லாம் செய்தும் மெத்தென்றே இருக்கிறதா? தலைகுனிய ஒன்றுமில்லை. சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களில், 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவை எல்லாம் அப்படித்தான், அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் ஸ்கேனரால் அந்த வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற வேண்டும். அந்தக் கருவி உங்களிடம் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. காலிப்பரைப் பிரித்து சீல் மாற்றுவதும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அந்தக் கைக்கு மரியாதை கொடுங்கள், உரிய கூலியும் கொடுங்கள். ஆனால், "என்னமோ தெரியலீங்க, பிரேக் சரியில்லை, பாத்துப் போட்டுக் கொடுங்க" என்று சொல்லிச் சாவியை நீட்டிவிட்டு ஓரமாகப் போய் நிற்காதீர்கள். நிமிர்ந்து நின்று, பக்கத்தில் உங்கள் மகளும் கேட்கும்படி சொல்லுங்கள்:

"அண்ணே, எஞ்சின் ஆஃப்ல முப்பது எண்ணுற வரைக்கும் பிடிச்சுப் பார்த்தேன், பெடல் இறங்கல. வெளியில எங்கேயும் ஒழுகல. ஆயில் புதுசா மாத்தி, நாலு சக்கரத்துலயும் ஏர் எடுத்தாச்சு. ஹோஸை எல்லாம் கிளாம்ப் போட்டுப் பார்த்தா கெட்டியா நிக்குது. முன் இடது பக்கத்தை எடுத்தா மட்டும் மெத்துனு போகுது. அந்தக் காலிப்பரைக் கழட்டுங்க, நானும் கூட நின்னு பாக்குறேன்."